தம்பி மேல் போட்ட உப்பு வழக்கு

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

காலையிலிருந்து இரண்டு சாய மிஷினும் ஓடின. ஒன்றில் நேவி புளூ, ஒன்றில் மெரூன். மெரூன் முதல் தடவையே ஷேடு சரியாக வந்துவிட்டது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி, துணியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். குறை இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பான்.

மதியத்துக்கு முன் உப்பு லாரி வந்தது. பில்லில் ‘அக்ஷரா டிரேடர்ஸ்’. மூட்டையைப் பார்த்தாலே தெரிகிறது, எங்கள் பொது பிளாண்ட்டின் உப்பு. துணிக்குச் சாயம் ஏறவேண்டும் என்றால் உப்புப் போட்டாக வேண்டும். சாயம் போட்டபின் நாங்கள் விடுகிற கழிவுத் தண்ணீர் குழாய் வழியே பிளாண்ட்டுக்குப் போகிறது. அங்கே தண்ணீரைத் தனியாகப் பிரித்து, உப்பைக் காய்ச்சி எடுக்கிறார்கள். பிளாண்ட் ஒரு கம்பெனி. வேலம்பாளையத்தைச் சுற்றியுள்ள எழுபத்திரண்டு சாயப்பட்டறைக்காரர்கள் அதன் பங்குதாரர்கள். என் வீட்டுக்காரர் காலமானபிறகு பட்டறையும் பங்கும் என் பெயருக்கு வந்தன, நானும் ஒருத்தி.

ஆக, உப்பு எங்கள் தண்ணீரில் வந்தது. காய்ச்சியது எங்கள் கம்பெனி. அதை இந்த டிரேடர்ஸ் சும்மா மாதிரி ஒரு விலைக்கு எடுத்து, பிளாண்ட் கேட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர் வந்து, எங்களுக்கே சந்தை விலைக்கு விற்கிறது.

டிரேடர்ஸ் யாருடையது? பிளாண்ட்டின் மேனேஜிங் டைரக்டருடைய மனைவி பெயரில் இருக்கிறது. மேனேஜிங் டைரக்டர் யார்? தரணீதரன். என் தம்பி.

டிரைவரைக் கேட்டேன். “பிளாண்ட் லோடுதானுங்க. எல்லாருக்கும் தெரியுமுங்களே” என்றான். அதுதான் வயிற்றெரிச்சல். எல்லாருக்கும் தெரியும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

தரணி சாப்பிட வந்தான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் இங்கே சாப்பிடுவது அவர் இருந்த காலத்திலிருந்து உள்ள வழக்கம். இரண்டாம் முறை பருப்பு ஊற்றியபோது உப்பைப் பற்றிக் கேட்டேன்.

“அக்கா, அதை ஏத்தறது, எறக்கறது, பாக்கி வசூல் பண்றது எல்லாம் தலைவலிங்க. அந்தத் தலைவலிய நான் எடுத்துக்கறேன். அதுக்குச் சித்தெ லாபம்.”

“தலைவலி உன்னுது. உப்பு ஆருதுடா?”

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்: “உங்களுக்கு மட்டும் பிளாண்ட் விலைக்கே போடச் சொல்லிப்போடறனுங்க.”

எனக்கு மட்டும்! கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மீதிப் பேர் என்ன ஆவது என்றேன்.

“அவங்க கேக்கலையேங்க.”

மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனான். பட்டறை ஆட்களுக்குச் சமைக்கிற பாண்டியம்மாள் பாத்திரம் எடுக்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. “மொதலாளியம்மா, திருடுனவனுக்கு ரெண்டாந்தரம் பருப்பு ஊத்துன ஆளு நீங்கதான்” என்றாள்.

திருடன் என்று சொல்லாதே என்றேன். பிறகு யோசித்தேன். வேறு என்ன சொல்வது?

அவர்கள் கேட்கவில்லையாம். சரி. நான் கேட்கிறேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

ஆண்டுப் பொதுக்குழு நோட்டீஸ் வந்தது. செப்டம்பர் பதினைந்து, காலை பத்தரை. காலண்டரைப் பார்த்தேன். நினைத்தபடியே நல்ல முகூர்த்தம். அன்றைக்குத்தான் பட்டறைக்காரர் ஆறுச்சாமி மகள் கல்யாணம்.

வருஷா வருஷம் இதே வேலை. எல்லா மெம்பரும் யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இருக்கிற நாளாகப் பார்த்து மீட்டிங் வைப்பது. போன வருஷம் டைரக்டர்கள் ஐந்து பேர், நான் ஒருத்தி, ஒரு தட்டு பப்ஸ். உப்புக் கணக்கைக் கேட்டேன். “அக்கா, பப்ஸ் ஆறிப்போயிருமுங்க” என்றார்கள். ஐந்து கை எழுந்தது, தீர்மானம் நிறைவேறியது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கம்பெனிச் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதி படித்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு வக்கீல் வேண்டும்.

26 ஆகஸ்ட், திங்கள்

கோயம்புத்தூர் போனேன். வக்கீல் சித்ராதேவி. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. அம்மா எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்துப் படிக்கவைத்த பெண்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “கம்பெனிக்குத் தனியா வாய் கிடையாதும்மா. டைரக்டருங்கதான் அதுக்கு வாய். அந்த வாயே கம்பெனியத் தின்னா, பங்குதாரருங்க கம்பெனிக்காகப் பேசலாம்.”

“கேஸ் யார் மேலே?”

“டைரக்டருங்க மேல. கம்பெனியையும் எதிர்த்தரப்புல சேக்கணும்.”

“கம்பெனிக்காகக் கம்பெனி மேலேயேவா?”

“ஆமாம்மா. ஜெயிச்சா பணமும் கம்பெனிக்குத்தான் திரும்பும். உங்க கைக்கு ஒண்ணும் வராது. அதை இப்பவே சொல்லிப்புடுதேன். பின்னால வருத்தப்படக்கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரணி என்ன சொல்லுவான், ஊர் என்ன சொல்லும் – அக்காக்காரி பணத்துக்கு ஆசைப்பட்டாள் என்றுதானே? ஆசைப்பட வழியே இல்லாத ஒரு கேஸ்! இதைவிட நல்ல கேஸ் எங்கே கிடைக்கும்? போடு என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். தனியாகப் போட முடியாது. மெம்பர்களில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்து வரவேண்டும். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் கையெழுத்து. எட்டு இல்லை என்றால், கம்பெனி வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். உப்பு தரணியிடமே இருக்கும்.

எட்டுப் பேர்தானே. இன்னும் ஏழு.

29 ஆகஸ்ட், வியாழன்

முதலில் லிங்கசாமி வீடு. உப்பு விலையைப் பற்றி என்னைவிட அதிகம் புலம்புகிறவர். “அதுக்கென்னங்கக்கா, தாராளமாப் போட்டுறலாமுங்க. மொதல்ல ஆறுச்சாமி போடட்டும். அடுத்தது நான்.”

ஆறுச்சாமி வீடு. கல்யாணப் பத்திரிகை வைத்துக் கும்பிட்டார். “கையெழுத்து என்னங்க பெரிய விசயம். லிங்கசாமியண்ணன் போட்டுட்டா நான் போடாம இருப்பனுங்களா? அவரு மூத்தவருங்க. அவருக்கு முந்தி நான் போட்டா மரியாதையா இருக்குமுங்களா?”

மறுபடியும் லிங்கசாமி வீடு. “ஏனுங்கக்கா, காபி குடிச்சீங்களா?”

குடித்தேன். குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

30 ஆகஸ்ட்

இன்று நான்கு வீடு. நான்கு காபி. ஒரு கையெழுத்தும் இல்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

நேற்று வரைக்கும் போன வீடுகளில் யாருமே முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் கொடுமை. முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். இவர்கள் ‘ஆமாங்க’ என்றே சொல்லிச் சொல்லிக் கழுத்தறுக்கிறார்கள். தரணிக்குப் பயந்து அல்ல. தரணியிடம் நாளைக்கு ஒரு கல்யாணத்தில் ‘வாங்க’ என்று சொல்லவேண்டி வருமே, அதற்குப் பயம். முதல் பெயராக இருப்பதற்குப் பயம்.

சித்ராதேவிக்குப் போன் செய்து ஒரே காகிதத்தில்தான் வரிசையாகப் போடவேண்டுமா என்று கேட்டேன். “அவசியமில்லம்மா. ஆளுக்கு ஒரு காகிதத்துல சம்மதம் எழுதி வாங்கினாலும் செல்லும்” என்றாள்.

ஆளுக்கு ஒரு காகிதம்!

அப்படியென்றால் ஒவ்வொரு காகிதத்திலும் ஒரே பெயர். எல்லாருமே முதல் ஆள். யாருக்கு முந்தியும் யாரும் இல்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

தரணி போன் செய்தான்.

“அக்கா, ஊடு ஊடாப் போயி காபி குடிக்கறீங்களாமா?”

“ஆமாடா. எல்லா ஊட்டுலயும் நல்ல காபி.”

“ஒருத்தரும் போட மாட்டாங்கக்கா. எல்லாம் நம்ம ஒறம்பரை, சொந்தபந்தம். நீங்க மீட்டிங்குக்கு வாங்க. உங்களுக்குன்னு இந்த வாட்டி சமோசா சொல்லியிருக்கறேன்.”

“நான் மீட்டிங்குக்கு வரலை. ஆறுச்சாமி ஊட்டுக் கல்யாணத்துக்குப் போறேன்.”

அவன் சந்தோஷம் போனிலேயே கேட்டது. “அதான் சரிங்கக்கா. நல்லாச் சாப்புட்டுட்டு வாங்க.”

முட்டாள் பயல். மீட்டிங்குக்கு வராத மெம்பர் எல்லாரும் எங்கே இருப்பார்கள் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன்தானே அவர்களை அங்கே அனுப்பியவன்!

15 செப்டம்பர், ஞாயிறு

கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பெரிய கைப்பையில் காகிதங்களோடு ஏழரைக்கே மண்டபத்தில் இருந்தேன். பாண்டியம்மாளையும் கூட்டிப்போனேன். முகூர்த்தம் முடிந்ததும் பந்தி. நான் சாப்பிட்டு முடித்து, கை கழுவுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கையைக் கழுவாமல் யாரும் மண்டபத்தை விட்டுப் போக முடியாது அல்லவா.

லிங்கசாமி வந்தார். “ஆறுச்சாமி போட்டுட்டாருங்களா?” என்று கேட்டார். “இந்தக் காயிதத்துல உங்க பேரு மட்டுந்தான். இதுல ஆறுச்சாமிக்கு எடமே இல்லை” என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். வாழைத்தார் அடுக்கி வைத்திருந்த மூலைக்குக் கூட்டிப்போய், சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

சொல்லவில்லை.

அடுத்தவர் கார் நிறுத்துகிற இடத்தில், பானெட்டின் மேல் வைத்துப் போட்டார். “நான் ஒருத்தன் போட்டா என்னங்க ஆயிரப் போகுது” என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒருவர் சமையல்கட்டுக்குப் பின்னால். ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே. “தைரியமா வந்தது நான் மட்டுந்தானுங்களாக்கா?” என்று காதில் கத்தினார். ஆமாம் கண்ணு என்று நானும் கத்தினேன். பொய்தான். வேறு என்ன செய்ய?

ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார். இவர் வருவதைப் பார்த்ததும் அவர் வெற்றிலை போடப் போகிற மாதிரி நழுவுகிறார். பாண்டியம்மாள் என் பக்கத்தில் நின்று டம்ளர் கழுவுவதுபோல் பாவனை செய்துகொண்டு, “அந்தா நீலச் சட்டை ரெண்டு மட்டம் கை கழுவிட்டாரு, கூப்புடுங்க” என்று ஆள் காட்டினாள்.

கடைசியில் பெண்ணின் தகப்பனார் ஆறுச்சாமியே வந்தார். மாலையும் சந்தனமுமாக. “அக்கா, உங்களைத் தேடிட்டே இருக்கறனுங்க. சாப்புட்டீங்களா? அந்தக் காயிதத்தக் குடுங்க.” பெண்ணை மணவறையில் விட்டுவிட்டு வந்து போட்ட கையெழுத்து! காகிதத்தின் ஓரத்தில் சந்தனக் கறை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஏழு கேட்டேன். பதினான்கு இருக்கிறது. பதினான்கு பேரும் ஒரே மண்டபத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

அந்த நேரத்தில் தரணி மற்ற நான்கு டைரக்டர்களோடு சமோசா சாப்பிட்டுத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்திருப்பான். சாப்பிடட்டும்.

4 அக்டோபர், வெள்ளி

மனுத் தாக்கலானது. சித்ராதேவி போனில் நம்பர் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

31 அக்டோபர், தீபாவளி

நேற்றிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுவருவது தம்பி கடமை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தீர்ப்பாய நோட்டீஸ் போன வாரம்தான் அவன் கைக்குப் போயிருக்கிறது. வரமாட்டான் என்று நினைத்தேன். வராவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். இருந்தாலும் காலையிலேயே தலை குளித்துவிட்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதரைக்குக் கார் சத்தம். தட்டோடு வந்தான். சேலை, பழம், பூ, இனிப்புப் பெட்டி. அவன் மகள் அக்ஷராவும் கூட வந்தாள், கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, அப்படி உப்பியிருந்தது.

“நோட்டீஸ் வந்ததுங்கக்கா.”

“வரும். அதுக்குத்தானே போட்டேன்.”

“நான் வக்கீல் வச்சிருக்கறனுங்க. சென்னையில பெரிய வக்கீல். விட மாட்டேன்.”

“விடாதே. பீஸ் ஆரு குடுக்கறா?”

“கம்பெனிதானுங்க.”

“அப்போ எனக்கு எதிராப் பேசறதுக்கு நானும் பங்கு போட்டிருக்கறேன். நல்லாப் பேசச் சொல்லு.”

அக்ஷரா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவன் அவளை முறைத்தான். அவள் சும்மா இருக்கவில்லை. “அத்தே, அந்தக் கடைக்கு எம் பேரு வச்சிருக்கறது எனக்கே நோட்டீஸப் படிச்சுத்தான் தெரியுமுங்க” என்றாள். அவன் அவசரமாகத் தட்டை என் பக்கம் நீட்டினான்.

சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அரக்கு நிறம். எனக்குப் பிடித்த நிறம் அவனுக்கு மறக்கவில்லை. உள்ளே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். என்னமோ கண்ணுக்குள்ள தூசி.

“கேஸ் வேறைங்கக்கா. சீர் வேற” என்று சொல்லிவிட்டு நான்கு இட்லி சாப்பிட்டுப் போனான்.

18 நவம்பர், திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

தரணி ஊடு ஊடாப் போயிருக்கறான். நான் போன அதே ஊடுக. அதே காபி. பதினாலுல ஒம்பது பேரு, ‘விவரம் தெரியாமப் போட்டுட்டோம், சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கறோம்’னு எழுதிக் குடுத்துட்டாங்க. லிங்கசாமியும். ஆறுச்சாமியும்! மணவறையிலருந்து எறங்கி வந்து போட்ட மனுசன்!

என்னோட சேத்து மீதி ஆறு. எட்டு வேணும். இன்னும் ரெண்டு பேருக்கு எங்கே போவேன்? எதுக்குடி இத்தனையும்? ஊரு உப்புக்கு நீ ஏன் அலையறே? கேக்காதவங்களுக்காக நீ ஏன் கேக்கறே?

பாண்டியம்மாள் சோறு கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். “சாப்புட்டுட்டு அழுங்க, தெம்பா அழலாம்” என்றாள். சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் திரும்ப வாங்க மாட்டேன். ஒருத்தியாக நின்றாலும் நிற்பேன். துரத்தினால் வாசலில் நிற்பேன்.

19 நவம்பர், செவ்வாய்

சித்ராதேவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு சிரிக்கிறாள்!

“அம்மா, மனுப் போட்ட அன்னைக்கு எத்தன பேருங்கிறதுதான் கணக்கு. அதுக்கப்புறம் ஒம்பது பேரு இல்ல, பதினாலு பேரும் போனாலும் கேஸு நிக்கும். இது ரொம்பப் பழைய சட்டம். உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அவங்க பெரிய வக்கீலுக்கும் தெரியும். உங்க தம்பிதான் அவரக் கேக்காமக் கெளம்பிப் போயிருப்பாரு.”

ஒன்பது வீட்டுக் காபி தரணிக்கும் வீண்.

பாண்டியம்மாளைப் பாயசம் வைக்கச் சொன்னேன். “நேத்து சாப்புட மாட்டேன்னீக, இன்னைக்குப் பாயசமாக்கும்” என்று நொடித்துக்கொண்டே அரைக் கிலோ சேமியாவைப் பிரித்தாள்.

20 ஜனவரி 2025, திங்கள்

நாளை சென்னையில் விசாரணை. காலைக் கோவை எக்ஸ்பிரஸ் பிடித்தேன். என் பெட்டியில் ஏறிப் பார்த்தால் இரண்டு வரிசை தள்ளித் தரணி. அவனுக்கும் நாளைக்கு அதே விசாரணைதானே. என் பையை வாங்கி மேலே வைத்தான். என் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் ஏதோ பேசி இடம் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஈரோட்டில் டீ வாங்கிக் கொடுத்தான். சேலம் தாண்டியதும் தூங்கினான். தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எழுப்பவில்லை. அறுபத்து மூன்று வயசு ஆள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

21 ஜனவரி, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெரிய வக்கீல் எழுந்தார். முழுக்க இங்கிலீஷ். சித்ராதேவி என் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதன் சாரம் இது: இது கம்பெனி வழக்கே இல்லை. அக்கா தம்பிக்குள் இருக்கிற குடும்பப் பகை. பிள்ளையில்லாத மூத்த பெண், தம்பி மேல் உள்ள வன்மத்தைக் கம்பெனி பெயரில் தீர்த்துக்கொள்கிறாள். தீர்ப்பாயம் இதற்கு இடம் தரக்கூடாது.

பிள்ளையில்லாதவள் என்பதை அங்கே எதற்கு இழுப்பது?

மேடையில் நீதிபதி இடத்தில் இருந்த தீர்ப்பாய உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தமிழிலேயே கேட்டார். “அம்மா, எதிர்மனுதாரர் உங்க சொந்தத் தம்பியா?”

“ஆமாங்க.”

“ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?”

கேள்வியே எனக்குப் புரியவில்லை. தம்பியோடு பேசாமல்? “நேத்து ஒரே ரயில்லதானுங்க வந்தோம். ஈரோட்டுல டீ வாங்கிக் குடுத்தான். தீபாவளிக்குச் சீர் கொண்டாந்தான். இந்தச் சேலை அவன் எடுத்துக் குடுத்ததுதானுங்க.”

உறுப்பினர் பின்வரிசையில் இருந்த தரணியைப் பார்த்தார். “அப்படியா?”

தரணி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். “ஆமாங்க. டீயில சர்க்கரை ஜாஸ்தியாயிருச்சுங்க. அக்காவுக்குக் கம்மியாப் போடணும்னு சொல்ல மறந்துட்டனுங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரிய வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அதற்குமேல் அவர் பகை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எண்ணிக்கை பற்றி ஒன்று சொல்லிப் பார்த்தார். அதற்குச் சித்ராதேவி ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டாள். அப்புறம் அவள் உப்பைப் பற்றிப் பேசினாள். விலை, லாரி, யார் பெயரில் கடை. மறுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. மறைத்துச் செய்திருந்தால்தானே மறுப்பதற்கு.

22 ஜனவரி, புதன்

திரும்பி வருகிற ரயிலிலும் பக்கத்துச் சீட்டு. காட்பாடி வரைக்கும் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு:

“அந்த டீ விசயத்தச் சொல்லாம இருந்திருக்கலாமுங்கக்கா.”

“நீ ஏண்டா வாங்கிக் குடுத்தே?”

“அதெப்பிடீங்க, அக்கா பக்கத்துல உக்காந்திருக்க, நான் மட்டும் குடிக்கறது?”

முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நீட்டினேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

இடைக்கால உத்தரவு வந்தது. டிரேடர்ஸுக்கு உப்பு விற்பது உடனே நிறுத்தம். இனிப் பிளாண்ட் நேரடியாக மெம்பர்களுக்கே தரவேண்டும். பழைய கணக்கை வெளி ஆடிட்டர் பார்ப்பார். வக்கீல் பீஸைக் கம்பெனி கணக்கில் எழுதக்கூடாது.

பட்டறையில் லட்டு கொடுத்தேன். ஒரிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு விஷயம் புரியவில்லை. “கல்யாணமா அம்மா?” என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

12 பிப்ரவரி, புதன்

பிளாண்ட் விலைக்கு முதல் லோடு உப்பு இறங்கியது. லிங்கசாமி டீக்கடையில், “மொதக் கையெழுத்தே நான்தானுங்க, வாழைத்தாருக்குப் பக்கத்துல வச்சுப் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஆறுச்சாமி விடவில்லையாம்: “நான் மாலையோட போட்டவனாக்கும்!” திரும்ப வாங்கிக்கொண்டதை இருவருமே மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தப் போவதில்லை. காபி கொடுத்த வீடுகள்.

8 ஜூன், ஞாயிறு

தரணி சாப்பிட வந்தான். ஆடிட்டர் அறிக்கை வந்து ஒரு மாதம் ஆகிறது. டிரேடர்ஸ் எடுத்த லாபத்தைக் கம்பெனிக்கே திருப்பிக் கட்டச் சம்மதித்து, தீர்ப்பாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். மேனேஜிங் டைரக்டர் பதவியையும் விட்டுவிட்டான்.

“அக்ஷராதானுங்க,” என்றான் சாப்பிட்டுக்கொண்டே. “காலேஜுல கம்பெனிச் சட்டம் நடத்தறாங்களாமா. கடை போர்டுல இருக்கற எம் பேர எடுத்தாத்தான் ஊட்டுக்கு வருவேன்னு சொல்லிப்போட்டா.”

கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

“உங்களுக்கு என்னங்கக்கா வந்துச்சு இதுல? ஒரு பைசா வரலை.”

“வரலை.”

“பொறவு?”

“பருப்பு ஊத்தட்டுமா?”

ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினான்.

24 செப்டம்பர், புதன்

என்னையும் டைரக்டர் ஆக்கிவிட்டார்கள். கேட்கிறவளைப் பதில் சொல்கிறவளாக மாற்றிவிட்டால் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தார்களோ என்னவோ.

இன்று ஆண்டுப் பொதுக்குழு. நான்தான் புரட்டாசியில் வைக்கச் சொன்னேன். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, யாரும் தப்ப முடியாது. கறிச்சோறும் கிடையாது என்று லிங்கசாமி மட்டும் முணுமுணுத்தார். ஹால் நிறைந்துவிட்டது. சுவரோரம் நின்றுகொண்டுகூட ஆட்கள். உப்புக் கணக்கை வாசித்தோம். இருபது கேள்வி வந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு உள்ளுக்குள் பண்டிகை.

கடைசி ஐட்டம், பிளாண்ட் ஆட்களுக்குச் சாப்பாடு. பாண்டியம்மாளுக்குக் கொடுக்கலாம் என்று நான்தான் போர்டில் சொல்லிச் சேர்த்தது. எல்லாரும் சரி என்கிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை.

தரணி.

“ஒரு சாதா மெம்பராக் கேக்கறனுங்க. பாண்டியம்மாள்ங்கறவங்க, டைரக்டர் நல்லம்மாள் அவங்க பட்டறையில வேலை செய்யறவங்கதானுங்களே?”

என் பெயரை அவன் வாயால் இன்றைக்குத்தான் கேட்கிறேன். “ஆமா” என்றேன்.

“வேற ஆருகிட்டயாவது கொட்டேசன் வாங்கினீங்களா?”

அவள் சமையலைச் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல உழைப்பாளி, இல்லாதப்பட்டவள் என்று சொல்ல நினைத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் அது இல்லை.

“இல்லை. வாங்கலை.”

“அப்போ இதை எப்படீங்க நாங்க பாஸ் பண்றது?”

பண்ணவேண்டாம் என்றேன். ஐட்டத்தைத் தள்ளி வைத்தோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நிமிஷம். அவன் கையைக் கட்டி நின்ற நிற்பைப் பார்த்ததும் போய்விட்டது. எழுபது பேர் நடுவே எழுந்து நின்று கேட்டானே! கூட்டம் முடிந்து வெளியே போகிறவர்கள் அவன் தோளைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

பட்டறைக்கு வந்து, மூன்று பேரிடம் விலை எழுதி வாங்கிப் பார்த்தபிறகுதான் முடிவு என்று பாண்டியம்மாளிடம் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எஞ்சோத்துக்கு மூணு கொட்டேசனா?”

“மூணு.”

“சரி, அந்த ரெண்டு பேரும் யாருன்னு மட்டும் சொல்லிராதீக. போயி ருசி பாத்துட்டு வந்துருவேன்.” கொஞ்ச நேரம் அரிசி களைந்தாள். “தாளு குடுங்க. நானும் ஒண்ணு எழுதித் தாரேன்.”